மண்ணுக்குப் போகும் குழாய்

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் முதலில் சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு ரெஞ்சு வந்து உட்காரும். குழாய் திருகும் இரும்பு ரெஞ்சு. கனம் பிறந்த யானைக்குட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. மனைவி பக்கத்தில் இருந்தால் ஆட்டுக்குட்டி என்று மாற்றிச் சொல்வேன்.

இந்த வழக்கம் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. எந்த வீட்டுக்குக் குடிபோவது என்று இருவருக்கும் தகராறு. நான் பிளம்பர், கையில் ரெஞ்சு இருந்தது, பேச்சுக்குப் பலம் சேர்க்க அதை மேசையில் ஓங்கி வைத்தேன். மேசை நான்காகப் பிளந்தது. சரி, ஒரு கீறல் விழுந்தது. அவள் அதை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "இது எப்ப மறுபடி மேசைக்கு வருதோ, அப்பதான் இந்தப் பேச்சு" என்றாள். அன்று முதல் அதுதான் சட்டம். சம்மதம் இல்லாதவர் ரெஞ்சை எடுத்துக்கொள்ளலாம். அவராகத் திருப்பி வைக்கும்வரை விஷயம் அந்தரத்தில் தொங்கும். மற்றவர்கள் பிடுங்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, சாப்பாட்டில் உப்பை அள்ளிப்போட்டுப் பழிவாங்கவும் கூடாது. மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தபோது ரெஞ்சை என் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவன் நான். கழுத்து சுளுக்கிக்கொண்டதால்தான் கல்யாணம் நடந்தது என்று மாப்பிள்ளை இன்றும் சொல்லித் திரிகிறார்.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறார். பேச்சிலும் அவருக்கு ஸ்டாப்பிங் உண்டு. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி, ஆள் ஏற்றி, அப்புறம்தான் கிளம்புவார். என் மகளை வீட்டில் வாஷர் என்று கூப்பிடுவோம். தவழ்கிற வயதில் ஒரு ரப்பர் வாஷரை விழுங்கி, அழவும் இல்லாமல், இன்னொன்று கேட்டவள். இப்போது என் கடையை அவள்தான் நடத்துகிறாள். என்னைவிடக் கைகாரி. சுவருக்குள் புதைந்து போகிற இணைப்பைக்கூடத் துடைத்து, பிசிறு எடுத்து, தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் பூசவிடுவாள். கொத்தனார்கள் அவளைக் கண்டாலே கரணையைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போதும் அவள் துடைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி தானாகவே கருவிப் பையைத் திறந்து ரெஞ்சை எடுத்து வந்து, அடியில் ஒரு துணி விரித்து, மேசை நடுவில் வைத்தாள். மூவரும் சாப்பிடுவதை நிறுத்தினோம்.

"எனக்குக் கத்தோலிக்க மதத்துல சேரணும். தனியா இல்ல. நம்ம நாலு பேரும்."

எனக்கு இது பேரிடி என்று சொல்ல ஆசைதான். ஆனால் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை பக்தி என்பது அவசரச் சாமான். தண்ணீர்க் குழாய் வெடித்தால் மட்டும் கடவுளைக் கூப்பிடுவோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலில் மேல்தொட்டி மாற்றும் வேலைக்கு நான் போனபோது, சாப்பாடு கொண்டுவந்த இவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். வேலை முடிந்தது. காத்திருப்பது முடியவில்லை. வாராவாரம் போனாள். துணைக்கு நானும் போனேன். தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். திருப்பலி என்கிற பூசை முடிந்து வீடு வரும் வழியில் அவள் முகம் சாந்தமாக இருக்கும். என்னைத் திட்ட மறந்துவிடுவாள். அந்த ஒரு அற்புதத்துக்கே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"ஏம்மா திடீர்னு?" என்றாள் வாஷர்.

"திடீர்னு இல்லடி. அங்க உக்காந்தா என்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கு. ஒரு தடவை இல்ல, எப்பவும். கூப்பிட்டவங்களுக்குப் பதில் சொல்லாம எத்தனை நாள் உக்காந்திருக்கறது?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அத்தை சொன்னா..." என்று நிறுத்தினார். நான்கு பேர் ஏறி இறங்கினார்கள். "...சரியாத்தான் இருக்கும். நானும் ரெண்டு மூணு தடவை பஸ்ஸைத் திருப்பற நேரத்துல உள்ள போய் உக்காந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லல."

"அடப்பாவி!" என்றாள் அவர் பெண்டாட்டி. "டிரிப்புக்கு நடுவுலயா?"

அப்புறம் அவள் ரெஞ்சைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதம்மா. நீ சேரு, நான் முதல் வரிசையில நின்னு கை தட்டறேன். ஆனா எனக்கு ஒண்ணும் தோணல. என்னை யாரும் கூப்பிடல. ஒரு விசில் சத்தம்கூட இல்ல. தோணாததுக்குத் தலையை ஆட்டினா அது பொய். அதுவும் இந்த ஞானஸ்நானத்தைத் தண்ணியை வச்சுப் பண்றாங்க. நான் தினமும் தண்ணியோட இருக்கறவ. எல்லாத் தண்ணியும் கடைசியில ஒரே சாக்கடைக்குத்தான் போகுது."

மனைவி கெஞ்சவில்லை. சட்டம் போட்டவளே அவள்தானே. "நீயா வராம உன்னை இழுக்க மாட்டேன். ஆனா நீங்க யாராவது வாசல்ல நிக்க, நான் மட்டும் உள்ள போனா என் கழுத்து திரும்பித் திரும்பியே ஒடிஞ்சுபோகும். நான் காத்திருக்கேன்" என்றாள். சோற்றைப் பிசைந்தாள். அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். வாஷரும் பார்த்தாள். அன்று மகள் தட்டில் பாதி மீந்தது. அது சரித்திரத்திலேயே கிடையாது.

ரெஞ்சு இனி வாஷரின் பொறுப்பு. வேறு யாராக இருந்தாலும் கட்டிலடியில் தள்ளியிருப்பார்கள். இவள் அதை வேலைக்கே கொண்டு போனாள். நல்ல ரெஞ்சைச் சும்மா போடுவானேன் என்று கேட்டாள். தன் மறுப்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் குழாய் மாட்டினாள்.

இந்த நிலைமையில் கோயிலில் குழாய் ஒழுகியது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மனைவியும் தனக்குச் சம்பந்தம் இல்லை என்கிறாள். நாங்கள் இருவரும் சொல்வது உண்மையானால், அதுவும் ஒரு அற்புதம்தான்.

பீடத்துக்குப் பின்னால் ஃபாதர் பூசை உடுப்பு மாட்டிக்கொள்கிற சின்ன அறை. அங்கே இரண்டு தொட்டிகள். ஒன்று பூ ஜாடி கழுவுகிற சாதாரணத் தொட்டி, ஒழுகியது அதுதான். அதன் பக்கத்திலேயே கல்லில் குடைந்த சின்னத் தொட்டி ஒன்று, மேலே மரமூடி போட்டு, பானைபோல் உட்கார்ந்திருந்தது. ஃபாதர் நோயாளி ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வாஷர் ஒழுகலை நிறுத்தினாள். பிறகு, கை சும்மா இருக்குமா, மரமூடியைத் தூக்கினாள். குனிந்து குழாய் போகும் வழியைப் பார்த்தாள். வெளியே போய்ச் சுவரோரம் பார்த்தாள். அந்தக் குழாய் எந்தச் சாக்கடையோடும் சேராமல், நேராக மண்ணுக்குள் இறங்கியது.

"எந்தப் புண்ணியவான் பண்ணின வேலைப்பா இது?" என்று போனில் என்னிடம் கத்தினாள். "கழிவுத் தண்ணியை அப்படியே மண்ணுல விட்டிருக்கான்! செவுரு ஊறி ஒருநாள் கோயிலே ஃபாதர் தலையில உக்காந்துடும்!"

"கேட்டுக்கிட்டுத் தொடுடி" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் ஏற்கனவே போனை வைத்திருந்தாள்.

அவளுக்குத் தப்பைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகத் தெரியாது. யாரும் கேட்காமலே, கிடைமட்டமாக ஒரு குழாய் ஓட்டி, அந்தக் கல் தொட்டியைச் சாக்கடையோடு சேர்த்து, பெரிய ரெஞ்சால் ஒரு இறுக்கு இறுக்கினாள். அவள் இறுக்கினால் உலகம் முடிந்தாலும் அந்த இணைப்பு மட்டும் தனியாக ஆகாயத்தில் தொங்கும்.

ஃபாதர் வந்தார். மனிதர் கொடிக்கம்ப உயரம். வாசலில் குனிவதற்கே முன்கூட்டி நாள் குறித்துக்கொள்ள வேண்டும். வாஷர் பெருமையோடு மரமூடியைத் தூக்கிக் காட்டினாள். "உங்களுக்கே தெரியாம ஒரு பெரிய தப்பு இருந்துச்சு ஃபாதர். சரி பண்ணிட்டேன்."

ஃபாதரின் முகம் சுண்ணாம்பானது. "இதுல... எதையாவது ஊத்தினீங்களாம்மா?"

"இல்லையே. நீங்க வந்து திறந்துவைக்கணும்னு வச்சிருக்கேன்."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் மடங்கி உட்கார்ந்தார். முழங்கால்கள் காதைத் தொட்டன. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விக்கல் வரும்வரை சிரித்தார். வாஷருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன ஃபாதர், தப்பா?"

"தப்பே இல்லம்மா. எந்த நல்ல பிளம்பரும் இதைத்தான் செய்வாங்க. முந்தி வந்த பிளம்பருங்க யாரும் மூடியைத் தூக்கிப் பார்க்கல, அவ்வளவுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இது சாக்கடைக்குப் போகக் கூடாத தண்ணிக்குன்னே வச்ச தொட்டி. நற்கருணை, அதான் பூசையில கொடுக்கற புனித அப்பம், அது பட்ட துணி இருக்கில்ல, அதை முதல் தடவை அலசின தண்ணி; ஞானஸ்நானம் கொடுத்த தண்ணி; இதெல்லாம் இங்கதான் ஊத்தணும். புனிதமானதைத் தொட்ட தண்ணி, அழுக்கோட கலக்காம மண்ணுக்குப் போகணும்."

"மண்ணுக்குப் போய்?"

"போய் என்ன? மண்ணு குடிச்சுக்கும்."

வாஷர் அன்று வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, கழுவின தண்ணீர் போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படுக்கப் போகும்போது, "எல்லாத் தண்ணியும் ஒண்ணில்லையாம்மா" என்று குற்றச்சாட்டுப்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தான் போட்டதைத் தானே கழற்றப் போனாள். பை தூக்க நான். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன உத்தியோகம்? அவள் இறுக்கின இறுக்குக்கு ரெஞ்சு அழுதது, அவள் அழுதாள், நானும் முனகிப் பார்த்தேன். கடைசியில் ஒரு கிரீச்சலோடு கழன்றது. கோயில் மாடப் புறாக்கள் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன.

பழைய குழாயைத் திரும்ப மாட்டுவதற்கு முன், கீழே அடைப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று சுவரோரம் தோண்டினாள். இடுப்பளவு இறங்கியபின் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"அப்பா. இங்க வந்து பாரு."

எட்டிப் பார்த்தேன். குழாய் முடியும் இடத்தில் கழுவின கூழாங்கற்கள், அதற்குக் கீழே மணல், படுக்கை விரித்தமாதிரி. மேலே மண் விழாமல் ஓடு சாய்த்து வைத்திருந்தது. வாஷர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உள்பக்கம் ராவியிருக்கான்பா."

"யாரு?"

"இதைப் போட்டவன். பூமிக்குள்ள புதைக்கப்போற பைப்புக்கு, பிசிறு இல்லாம வாயை ராவி விட்டிருக்கான். யாரு பார்க்கப்போறா இதை?"

ஃபாதர் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் நிழலிலேயே ஒரு குடும்பம் குடியிருக்கலாம். "நீங்க செவுத்துக்குள்ள போற ஜாயின்ட்டைத் துடைச்சிட்டுத்தான் பூசவிடுவீங்களாமே. அம்மா சொல்லியிருக்காங்க. ஏம்மா?"

"அது... அது அப்படித்தான் செய்யணும். கேள்வி என்ன இதுல?"

"அவனுக்கும் இதே கேள்வியும் பதிலும்தான் இருந்திருக்கும்."

வாஷர் குழியில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தாள். "ஃபாதர், உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எங்க வீட்டுல இந்தச் சேர்ற விஷயத்தைத் தடுத்து வச்சிருக்கறது நான்தான். அம்மாவுக்குக் கூப்பிடற மாதிரி இருக்காம். எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"எனக்கும் தினமும் கேக்கறதில்லம்மா" என்றார் ஃபாதர்.

நான் குழிக்குள் விழுந்திருப்பேன். வாஷர் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்ப கேக்காத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

"பூசை வைப்பேன். யாராவது முடியாம கிடந்தா போய்ப் பார்ப்பேன். துணியை அலசி இந்தத் தொட்டியில ஊத்துவேன். யாரும் பார்க்காத வேலைதான். செஞ்சுக்கிட்டிருக்கும்போதே என்னைக்காவது கேட்டுடும்."

வாஷர் மறுபடி குனிந்தாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்கினாள். குழாயை மாட்டினாள். இணைப்பைத் துடைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், மறுபடி துடைத்தாள். மண் மூடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஃபாதர் இரண்டு தடவை டீ கொடுத்து, மூன்றாம் தடவை இலைகளையே மென்றுகொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் பையிலிருந்து ரெஞ்சை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். மண் உதிர்ந்தது. மனைவி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நம்பறேன்னு சொல்லலம்மா. கத்துக்க வரேன்னு சொல்றேன். வகுப்பு ஒரு வருஷமாமே. நடுவுல எனக்குப் பொய்யாத் தோணிச்சுன்னா மறுபடி எடுத்துடுவேன். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்டி" என்றாள் மனைவி. "எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். முதல்ல கையைக் கழுவு."

ஒரு வருஷம் நாங்கள் ரெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்புச் சட்டியை அதன்மேல் சாய்த்து வைத்தோம். வகுப்பெடுத்த ஃபாதரை நானும் மாப்பிள்ளையும் என்ன பாடு படுத்தினோம் என்பதைத் தனிப் புத்தகமாக எழுதலாம். நோவாவின் பேழையில் கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்று நான் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கேள்வியை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் அடுத்த வார வகுப்பு வந்துவிடும். வாஷர் மட்டும் உண்மையான கேள்விகள் கேட்டாள். மன்னிப்பைப் பற்றி, சாவைப் பற்றி, கடவுள் சும்மா இருக்கிற நாட்களைப் பற்றி. சில சமயம் ஃபாதர், "தெரியலம்மா" என்றார். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக வீடு திரும்பினாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் மேஸ்திரிகளை அவளுக்கு ஆகவே ஆகாது.

மனைவி தினமும் காலையில் எழுந்ததும் மேசையைப் பார்ப்பாள். ரெஞ்சு இருக்கும். அடுப்பைப் பற்றவைப்பாள்.

வருஷம் முடியப்போகிற சமயம், ஒரு காலை அது இல்லை.

மேசை நடுவில் ரெஞ்சு வடிவத்தில் துணி மட்டும் அழுந்திக் கிடந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எடுத்தாச்சு" என்றாள். "எடுத்துட்டா." மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பாவம், அன்றைக்கென்று பிரேக் மாட்டிக்கொண்டது. நான் சட்டத்தையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மனைவி காபி போடவில்லை. எனக்குக் கேட்கத் தைரியமும் இல்லை. மத்தியானம் வரை நாங்கள் மூவரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்ப நினைத்த மாப்பிள்ளை கடைசியில் லீவு போட்டார்.

வாஷர் தலையிலிருந்து கால்வரை சேறோடு வந்தாள். தோளில் ரெஞ்சு.

"பள்ளிக்கூடத்துல பம்பு நின்னுபோச்சு. பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. சின்ன ரெஞ்சு பல்லு போயிடுச்சு..." எங்கள் முகத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். "ஐயோ, அம்மா! வேலைக்கு எடுத்தேன்மா! வேலைக்கு!"

"சொல்லிட்டு எடுக்கறதுக்கு என்னடி?" என்றாள் மனைவி.

"எனக்குத் தோணவே இல்லம்மா. அது எதுக்கு அங்க கிடக்குங்கறதே எனக்கு மறந்துபோச்சு." வாஷர் நின்றாள். தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் நின்றாள். "நிஜமாத்தான். ரொம்ப நாளாவே அதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லம்மா."

மனைவி எழுந்து, சேற்றோடு சேர்த்து மகளைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் பிரேக் அப்போதுதான் விட்டது. "...நான் காலையிலேயே சொல்ல வந்தேன் அத்தை, அவ பம்புக்குத்தான் எடுத்துட்டுப் போனா."

அன்று அவரை நாங்கள் உயிரோடு விட்டதுதான் நாங்கள் செய்த முதல் கிறிஸ்தவக் காரியம்.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலியில் நடந்தது. நால்வரும் வெள்ளை உடுத்தி வரிசையாக நின்றோம். முதலில் மனைவி. நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது "ம்" என்றாள், கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. என் முறை வந்தது. என் தலையில் தடுக்க ஒரு முடியும் இல்லாததால் தண்ணீர் மலையருவியாக இறங்கி ஃபாதரின் சட்டைக்கைக்குள் புகுந்தது. மாப்பிள்ளை, "விசுவசிக்கிறேன்" என்பதை ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல் சொன்னார். கோயிலே திரும்பிப் பார்த்தது. வாஷர் குனிந்தாள். மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார்கள். அவள் முகத்தைத் துடைக்கவில்லை. எல்லாவற்றையும் துடைப்பவள், துடைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஃபாதர் கீழே பாத்திரத்தில் சேர்ந்த தண்ணீரை எடுத்து அவளிடம் நீட்டினார். "உங்க தொட்டி. நீங்களே ஊத்துங்க."

அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் போனாள். மனைவி ஆவலை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். நானும் மாப்பிள்ளையும் பின்னால். மூன்று பேரும் வெள்ளை உடுப்போடு சுவரோரம் மண்ணில் மண்டியிட்டுக் காதை வைத்தோம். பாடல் குழுவினர் ஜன்னலில் முண்டியடித்தார்கள்.

உள்ளே மரமூடி திறக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் இன்னொரு காதை மாற்றி வைத்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு வாஷரும் ஓடிவந்து எங்கள் பக்கத்தில் விழுந்து காதை மண்ணில் வைத்தாள்.

"ஊத்திட்டியா?"

"உஷ். ஊத்திட்டேன்."

மனைவி மகளின் கையைப் பிடித்தாள். "கேக்குதாடி?"

வாஷர் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் மண், நெற்றியில் இன்னும் தண்ணீர்.

"கேக்குதும்மா" என்றாள்.

எனக்கு ஒரு காது மந்தம், இன்னொன்று அதற்கு அண்ணன். இருந்தாலும் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டது ஒரு ஆறு.